ஒரு வரி, ஒரு குவியல், ஒரு காய்

இந்த நிகழ்ச்சிக்கு முன்னர் ஊரில் எனக்கிருந்த மதிப்பை முதலில் கூறிவிடுகிறேன். அதை அறியாதவர்க்குப் பின்னர் வருவது விளங்காது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மட்டக்களப்பு நகரில் ஒரு கல்லூரியின் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கணிதத்தில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து முதற்பரிசு பெற்றிருந்தேன். எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடிக்குச் சற்று வடக்கே வாவிக்கரையில் உள்ளது. அங்கிருந்து அக்கல்லூரிக்குச் சென்ற முதல் மாணவன் நானே. மேலும், என் தாயாரின் தமையனார் ஊர் அம்மன் கோயிலின் வண்ணக்கராக இருந்தார். கோயிலை நடத்துவதும், வேண்டியபோது ஊருக்காகப் பேசுவதும் வண்ணக்கரின் கடமை. எங்கள் பக்கத்தில் அப்பதவி மகனுக்குப் போவதில்லை. சகோதரியின் மகனுக்கே போகும். ஆகவே ஊரார் என்னை இரண்டு காரணங்களுக்காகக் கவனித்தார்கள். அவர்கள் கவனிக்கிறார்கள் என்பதை அறிந்தே நான் தெருவில் நடந்தேன்.

அவ்வாண்டு போரின் காரணமாகக் கல்லூரி மூடப்பட்டது. புத்தகப் பெட்டியுடன் ஊருக்கு வந்து சேர்ந்தேன். பாடம் நடத்த ஆளில்லாத அந்த மாதங்களில் நானே எனக்கு ஒரு வேலையை ஏற்படுத்திக்கொண்டேன். எங்கள் கணித நூலின் கடைசி அதிகாரம் எண்களின் அடி பற்றியது. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். ஐந்தைந்தாகவோ இரண்டிரண்டாகவோ எண்ணினாலும் கணக்கு நடக்கும் என்று அது கூறியது. ஐந்தை அடியாகக் கொண்டு 111 என எழுதினால், அது ஓர் இருபத்தைந்து, ஓர் ஐந்து, ஓர் ஒன்று, அதாவது முப்பத்தொன்று. முப்பத்தொன்று முதன்மை எண். தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது. இரண்டை அடியாகக் கொண்டால் 111 என்பது ஏழு. மூன்றைக் கொண்டால் பதின்மூன்று. அவையும் முதன்மை எண்கள். நான்கைக் கொண்டால் இருபத்தொன்று வருகிறது. அது ஏழாலும் மூன்றாலும் வகுபடும். ஆனால் நான்கே முதன்மை எண் அன்று. இதிலிருந்து நான் ஒரு விதியைக் கண்டேன்: அடி முதன்மை எண்ணாக இருந்தால், அந்த அடியில் 111 என எழுதப்படுவதும் முதன்மை எண்ணே. இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய மூன்று சான்றுகளும் ஒரு விதிக்குப் போதுமென்று எண்ணினேன். அதைக் கணக்குக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதிக் கட்டமிட்டு, கல்லூரி திறந்ததும் ஆசிரியரிடம் காட்டுவதற்காக வைத்திருந்தேன். அதுவரை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொன்னேன். அம்மா கேட்டபடியே மீன் வெட்டினார். மாமா ஒருவரே முழுவதும் கேட்டார்.

அந்தச் சித்திரை மாதத்தில், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து இரண்டு ஊர்களின் மக்கள் தோணிகளில் எங்கள் கரைக்கு வந்து இறங்கினார்கள். அவர்களுடைய வீடுகள் எரிந்திருந்தன. முப்பது முப்பத்தைந்து குடும்பங்கள் இருக்கும், ஆண்கள் குறைவு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். ஒரு மாதத்தின் பின், ஊரைச் சேராதவர்கள் எல்லோரும் நகரத்தில் அமைக்கப்பட்ட அகதி முகாமுக்குப் போக வேண்டும் என்று படையினர் அறிவித்தார்கள். எவர்களை ஊர்ச்சனம் என்று வண்ணக்கர் பொறுப்பேற்றுக் கையொப்பமிடுகிறாரோ அவர்கள் மட்டும் இருக்கலாம்.

அவர்கள் சார்பில் பேசியவர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய தகப்பனார் அவர்கள் ஊரில் வண்ணக்கராக இருந்தவராம். எங்களிடையே குடி என்பது தாய்வழியாக வருவது. ஊர் வேறானாலும் ஒரே குடியில் பிறந்த பெண்கள் சகோதரிகள். அவர் எங்கள் குடி. ஆகவே எனக்குப் பெரியம்மா முறை. மாமாவுக்குத் தங்கை முறை. அவருடைய மகளுக்கு ஒன்பதாம் மாதம். கால்கள் வீங்கி, பள்ளிக்கூட வாங்குப் பலகைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்ட படுக்கையில் கிடந்தாள். எங்கள் ஊரில் கைராசியான மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். நகர முகாமிலோ நீட்டிப் படுக்கவும் இடமில்லை என்று போய்வந்தவர்கள் கூறினார்கள். பெரியம்மா வேண்டியது இவ்வளவுதான்: மகள் பிள்ளை பெறும்வரை ஊரில் இருக்க வேண்டும்.

எங்கள் கோயிலில் அதற்கொரு வழி இருந்தது. வைகாசிச் சடங்கின் கடைசி நாளான குளுத்தியன்று, மடையில், அதாவது அம்மனுக்கு இட்ட படையலில், சேர்ந்த தேங்காய்கள் ஊரின் ஏழு குடிகளுக்கும் பங்கிடப்படும். ஏழு குடி என்பதால் காய்களை ஏழேழாகவே அடுக்குவார்கள். ஏழு காய் ஒரு குவியல். ஏழு குவியல் ஒரு வரி. வேற்றூரார் பங்கு கேட்டு வந்தால், அந்த ஆண்டு குடிப்பங்கை விட்டு ஊர்ப்பங்காகப் பார்ப்பார்கள். காய்கள் எங்கள் ஊர் உட்பட எல்லா ஊருக்கும் மீதியின்றிச் சரிசமமாகப் பிரிந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். பங்கு பெற்றவர்கள் அன்றுமுதல் ஊர்ச்சனம். ஒரு காய் மிஞ்சினாலும் உத்தரவு இல்லை.

தீர்ப்புச் சொல்லும்வரை அடுக்கிய காயைக் கலைக்கக் கூடாது. ஆகவே பிரித்துப் பார்க்க முடியாது. கணக்கால்தான் சொல்ல வேண்டும். அதற்குக் கல் போடுவது வழக்கம். ஒரு வரிக்கு ஒரு கல், ஒரு குவியலுக்கு ஒரு கல், தனிக்காய்க்கு ஒரு கல் என்று வண்ணக்கர் பலகையில் வைப்பார். இரண்டு ஊராயின் கற்கள் இரண்டாகப் பிரிய வேண்டும். மூன்று ஊராயின் மூன்றாகப் பிரிய வேண்டும். கல் பிரிந்தால் காயும் பிரியும். நான்கு ஊர் என்றால் கல் போடுவதில்லை. ஏன் என்று எவருக்கும் தெரியாது. அது நெடுநாள் வழக்கம். எனக்கோ அது வெறும் அறியாமையாகத் தோன்றியது. நாற்பத்தொன்பது காய்க்கும் ஒரு கல், ஒரு காய்க்கும் ஒரு கல் என்பது எந்தக் கணிதம்?

மாமாவைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். முந்திய ஆண்டு வேற்றூரிலிருந்து வந்த ஒருவரை எங்கள் ஊரவர் என்று படைமுகாமில் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் ஒரு நாள் சொல்லாமற் போய்விட்டார். படையினர் மாமாவைக் கொண்டுபோய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபின் அவருடைய இடக்கை தோளுக்கு மேல் எழவில்லை. சட்டை போடும்போது மாமி உதவ வேண்டியிருந்தது. இது எனக்குத் தெரியும். ஆனால் இதையும் தேங்காய்க் கணக்கையும் நான் ஒருபோதும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவ்வாண்டு காய் மிகக் குறைவு. தோப்புகள் பலவும் அக்கரையில் இருந்தன. போய்ப் பறிக்க ஆளில்லை. ஊரடங்கு இருந்தமையால் சடங்கைப் பகலிலேயே செய்தார்கள். குளுத்தியன்று காலை, மாமா கோயிலுக்குப் போய் மடையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். தானும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு எனக்கு எதிரே அமர்ந்தார்.

“மருமகன், ஒண்டு ஒண்டு ஒண்டு எண்டு ஒரு கணக்குச் சொன்னீங்களே, அது என்ன, திருப்பிச் சொல்லுங்க பாப்பம்.”

சொன்னேன். இரண்டில் ஏழு, மூன்றில் பதின்மூன்று, ஐந்தில் முப்பத்தொன்று.

“அப்ப ஏழால எண்ணினா?”

“ஏழும் முதன்மை எண்தானே மாமா. அதுவும் பிரியாது.”

“மூண்டாலயும் பிரியாதா?”

“எதாலயும் பிரியாது.”

“செய்து பாத்தீங்களா?”

“பாக்கத் தேவையில்ல மாமா. அது விதி.”

மாமா கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்தார். “நல்லம்,” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, “பெரிய மனிசன் போல கதைக்கான் பாருங்க அண்ணே,” என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

நண்பகலில் கோயில் முன்றலில் ஊர் கூடியது. ஒரு பக்கம் எங்கள் ஊரார். வேப்பமரத்தின் கீழ் அகதிகளாக வந்த இரண்டு ஊராரும். பெரியம்மா முன்னே வந்து நின்றார்.

“அண்ணே, நாங்க தேங்காய்க்கு ஆசப்பட்டு வரல்ல. எங்கட வளவில குரங்கு திண்டு முடியாத தேங்காய் கிடக்கு. ஒரு புள்ள பெத்துப்போட இடம் கேட்டு வந்திரிக்கம்.”

“அம்மன்ட்டக் கேளுங்ககா. என்னட்டக் கேட்டு என்ன?” என்றார் மாமா.

“அம்மன்ட்டக் கேட்டுத்தான் நிக்கன். அவ காய அடுக்கி வச்சிரிக்கா. நீங்க கல்லப் போடுங்க.”

பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியை விலக்கினார். மாமா விரலால் சுட்டி எண்ணி உரக்கச் சொன்னார்: “ஒரு வரி. ஒரு குவியல். ஒரு காய்.”

எங்கள் பக்கத்தில் மெல்லிய சலசலப்பு எழுந்தது. கோயில் வரலாற்றில் இவ்வளவு குறைவாகக் காய் சேர்ந்ததில்லை. என் காதில் விழுந்ததோ வேறு. ஒன்று, ஒன்று, ஒன்று, அதுவும் ஏழடியில். சிவப்பு மையில் நான் எழுதி வைத்த விதி அம்மன் சந்நிதியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. என் உடல் சிலிர்த்ததை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

மாமா கற்கள் இருந்த சிரட்டையைத் தொடவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தார்.

“மருமகன், இஞ்சால வாங்க. நீங்க கொலீஜில கணக்குக்குப் பரிசு எடுத்தவர். இந்தக் காய் மூண்டு ஊருக்கும் பிரியுமா பிரியாதா? சொல்லுங்க.”

நான் பலகையருகே சென்று நின்றேன். “இது முதன்மை எண். மூன்றுக்குப் பிரியாது. எத்தனை ஊர் வந்தாலும் பிரியாது,” என்றேன். ஆசிரியர் பேசுவதுபோல் எழுத்துத் தமிழிலேயே சொன்னேன்.

“அப்ப எங்கட ஏழு குடிக்கும்?” என்று ஒருவர் கேட்டார்.

“அதற்கும் ஒன்று மிஞ்சும்.”

“மிஞ்சினது அம்மனுக்கு. அது எப்பவும் உள்ளதுதானே,” என்றார் அவர் ஆறுதலாக.

பெரியம்மா விடவில்லை. சிரட்டையிலிருந்து தாமே மூன்று கற்களை எடுத்துப் பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். “இது வரிக்கு. இது குவியலுக்கு. இது காய்க்கு. மூண்டு கல்லு, மூண்டு ஊரு. ஊருக்கு ஒரு கல்லு. என்ன மனே, இதுக்குமா பரிசு எடுக்கணும்?”

சிலர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. “நாற்பத்தொன்பது காய்க்கும் ஒரு கல்லு, ஒரு காய்க்கும் ஒரு கல்லா? அப்ப ஒரு காய் எடுக்கிற ஊருக்கும் ஒரு வரி எடுக்கிற ஊருக்கும் சரிபங்கா?” என்று கேட்டேன். இம்முறை சிரிப்பு பெரிதாக எழுந்தது. அது என் பக்கமாக இருந்தது.

“ஓம்கா, பொடியன் கேக்கிறது ஞாயந்தானே,” என்றது ஒரு குரல்.

“கல்லுக்குத் தெரிஞ்ச கணக்கு கொலீஜுக்குத் தெரியாமலா போகும்?” என்றது இன்னொரு குரல்.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். “அண்ணே, உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. சின்னப் புள்ளைட வாயால சொல்லாம உங்கட வாயால சொல்லுங்க.”

மாமா வலக்கையால் மூன்று கற்களையும் எடுத்துச் சிரட்டையில் போட்டார். “படிச்ச புள்ள சொல்லிட்டான். உத்தரவு இல்ல,” என்றார்.

காய்கள் குடிக்கு எட்டாகப் பிரிந்தன. மிஞ்சிய ஒன்றைக் கப்புகனார் அம்மன் முன் உடைத்தார். என்னைப் பலர் தட்டிக்கொடுத்தார்கள். ஒருவர் தம் மகனின் காதைத் திருகி, என்னைப் போலப் படிக்கும்படி கூறினார். பெரியம்மா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

அன்று பிற்பகல், அந்தச் சிறப்பான நாளைப் பதிவு செய்வதற்காகக் கொப்பியைத் திறந்தேன். இரண்டு, மூன்று, ஐந்து ஆகியவற்றின் கீழே ஏழையும் எழுத வேண்டும். நாற்பத்தொன்பது, ஏழு, ஒன்று, கூட்டினேன். ஐம்பத்தேழு. அதுவரை அந்த எண்ணை எவரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. சொல்லியிருந்தால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு; பன்னிரண்டு மூன்றால் வகுபடும்; ஆகவே ஐம்பத்தேழும் வகுபடும். பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது.

பின்னர் கற்களை நினைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்பதை மூன்றாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். ஏழைப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சும். தனிக்காய் ஒன்று. கல் என்பது காயைக் குறிப்பதன்று. அது மீதியைக் குறிப்பது. மீதிகள் மூன்று சேர்ந்தால் ஊருக்கு ஒன்றாகப் பிரிந்துவிடும். ஏழுக்கு முந்திய எண் ஆறு, ஆறு இரண்டாலும் மூன்றாலும் வகுபடும், அதனால்தான் இரண்டு ஊருக்கும் மூன்று ஊருக்கும் கல் போட்டார்கள், நான்குக்குப் போடவில்லை. இத்தனையும் கொப்பியில் அரைப்பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

நான் ஓடினேன். மாமா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“மாமா, நான் சொன்னது பிழை. காய் ஐம்பத்தேழு. மூண்டாப் பிரியும். ஊருக்குப் பத்தொன்பது.”

“சத்தம் போடாத மனே.” காலையிலும் நண்பகலிலும் மருமகன், நீங்க என்று அழைத்தவர் இப்போது நீ என்றார். வாளியைக் கவனமாகக் கிணற்றுக் கட்டில் வைத்தார். “கல்லு மூண்டு கிடந்தது எனக்குத் தெரியாதா?”

“அப்ப போய்ச் சொல்லுவம் மாமா. அவங்க இன்னும் போகல்ல. நாளைக்குத்தானே தோணி.”

மாமா துண்டால் காலைத் துடைத்தார். “சொல்லலாம். சொன்னா ஆரு பிழ விட்ட எண்டு ஊரு கேக்கும். வண்ணக்கர்ர மருமகன், கொலீஜில படிக்கிறவன், அம்மனுக்கு முன்னால பிழக் கணக்குச் சொல்லிட்டான் எண்டு நான் சொல்லணும். நாளைக்கு இந்தப் பதவிக்கு வாறவன் நீ. சொல்லட்டா?”

என்னைத் தட்டிக்கொடுத்த கைகள் நினைவுக்கு வந்தன. காது திருகப்பட்ட சிறுவன் நினைவுக்கு வந்தான். பள்ளிக்கூட வாங்கில் கிடந்த பெண்ணும் நினைவுக்கு வந்தாள். அவள் நினைவுக்கு வரவில்லை என்று நான் எழுதினால் அது பொய்.

“வேணாம் மாமா,” என்றேன்.

“அப்ப வாய மூடிக்கொண்டு போ,” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஈரமான வலக்கையை என் தலையில் ஒரு கணம் வைத்து எடுத்தார்.

மறுநாட் காலை துறையில் இருந்து தோணிகள் புறப்பட்டன. மகளை இருவர் தாங்கிப் பிடித்து நடுவில் உட்கார வைத்தார்கள். பெரியம்மா கடைசியாக ஏறினார். ஏறுமுன் என்னைக் கண்டு, “என்ன மனே, உங்கட கணக்கில நாங்க மிச்சமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கடைக்குப் போன பிள்ளையிடம் மீதிக் காசு கேட்பதுபோல் கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்தேன். தோணி வடக்கே நகரத்துப் பக்கம் திரும்பி, கரையோரக் கண்ணாப் புதர்களுக்கு அப்பால் மறைந்தது. அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் என்ன ஆயிற்று என்பதை நான் அறியேன். அறிந்ததாகக் கூறியவர்கள் மூவர். மூவரும் மூன்று விதமாகக் கூறினார்கள்.

பின்னர் கல்லூரி திறந்தது. சிவப்பு மையில் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்றேன். முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். மாமா காலமானபின் வண்ணக்கர் பதவி முறைப்படி எனக்கு வந்தது. நான் பொறுப்பேற்றபின் வேற்றூரார் எவரும் பங்கு கேட்டு வரவில்லை.

அன்று கிணற்றடியில், மாமா என் பெயரைக் காப்பாற்றுகிறார் என்றே எண்ணினேன். அதற்காக அவர்மேல் அளவற்ற நன்றி கொண்டேன். உண்மையில் என் பெயரைக் கொண்டு அவர் தம்மைக் காப்பாற்றிக்கொண்டார். இரண்டு ஊர்ச் சனத்துக்கும் படைமுகாமில் கையொப்பமிடும் துணிவு, தோளுக்கு மேல் எழாத அந்தக் கையுடைய மனிதரிடம் எஞ்சியிருக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை. அன்று காலை மடையைப் பார்த்தபோதே காய்கள் பிரியும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு தேங்காயைக் கூடுதலாக வைத்திருந்தால் போதும், கல் பிரிந்திராது. என்னைக் கேட்கவே தேவையிருந்திராது. அம்மனின் கணக்கில் கைவைக்க அவர் துணியவில்லை. என் கணக்கை எடுத்துக்கொண்டார். காலையில் கஞ்சிக் கோப்பையுடன் எதிரே அமர்ந்து, செய்து பார்த்தீர்களா என்று அவர் கேட்டது எனக்குக் கொடுத்த கடைசி வாய்ப்பு என்பதும் அப்போது விளங்கவில்லை.

அண்மையில் வெளியான கோயில் மலரில், அவ்வாண்டு அம்மன் உத்தரவு கிடைக்காமையால் அயலூரார் நகருக்குச் சென்றனர் என்று எழுதியிருக்கிறார்கள். ஊரில் சிலர், கணக்குச் சொன்ன சிறுவனின் பிழை எல்லோரும் போனபின்னரே தெரியவந்தது என்று எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். இரண்டும் சரியல்ல. பிழை அன்று பிற்பகலிலேயே தெரிந்துவிட்டது, இருவருக்குத் தெரியும். தோணிகள் மறுநாட் காலையில் புறப்பட்டன. உத்தரவும் கிடைத்திருந்தது. காய்கள் ஐம்பத்தேழு. ஊர்கள் மூன்று. ஊருக்குப் பத்தொன்பது. மீதி இல்லை.